பிரசங்கியார் நின்ற இடத்தில் ஓர் உயிரியலாளர்

எலெக்ட்ரானிக் நடன இசை என்றாலே, "ஒரே டொம் டொம் சத்தம், இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். நியாயமான கேள்விதான். இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லப் போனால் வார்த்தை வளர்ந்துகொண்டே போகும். ஒரு ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் சொல்வது சுலபம். 2019 மார்ச்சில், லண்டனின் நிஞ்ஜா ட்யூன் நிறுவனம் வெளியிட்ட 'சிக்னிஃபிகன்ட் சேஞ்சஸ்' என்ற ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். செய்தவர் ஜெய்டா ஜி. முழுப்பெயர் ஜெய்டா கை. கனடாக்காரர், டிஜே, இசைத் தயாரிப்பாளர். அவருடைய முதல் ஆல்பம் இது. டீ ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை, நிதானமாகவே பேசலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் சினிமாப் பழக்கத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். இந்த உலகில் அப்படி இல்லை. தாளம், மெட்டு, ஒலிகளைத் தேர்ந்து அடுக்குவது, கடைசிக் கலவை என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து செய்கிறவர்தான் தயாரிப்பாளர். டிஜே என்பவர் தன்னுடையதும் பிறருடையதுமான இசைத்தட்டுகளைக் கூட்டத்துக்கு முன்னால் ஒன்றோடொன்று இணைத்து ஓட்டுகிறவர். ஜெய்டா இரண்டையும் செய்கிறார்.

அதோடு மூன்றாவதாக ஒரு வேலையும் அவருக்கு இருந்தது. வான்கூவரை ஒட்டிய பர்னபியில் இருக்கும் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் வள, சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலை படித்தார். அவருடைய துறை சுற்றுச்சூழல் நச்சியல். சேலிஷ் கடலில் வாழும் ஓர்க்கா திமிங்கிலங்களை மனிதர்களின் நடவடிக்கைகள் எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் ஆய்வேட்டின் பொருள். ஆய்வேட்டை எழுதி முடித்ததும் ஆல்பத்தைச் செய்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில். அந்த ஆய்வேட்டில் திரும்பத் திரும்ப வந்த தொடரையே, 'குறிப்பிடத்தக்க மாற்றங்கள்' என்பதையே, ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார். முதல் ட்ராக்கின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று இருக்கும். கடைசி ட்ராக்கின் பெயர் 'கன்க்ளூஷன்'. ஆய்வுச் சுருக்கத்தில் தொடங்கி முடிவுரையில் முடிகிற ஒரு நடன ஆல்பம். பேருக்குச் செய்த அலங்காரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

ஜெய்டா செய்வது ஹவுஸ் இசை. அது பிறந்த ஊர் சிகாகோ. அங்கே 1977இல் 'தி வேர்ஹவுஸ்' என்ற நடன விடுதி திறந்தது. ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே அங்கே வாரந்தோறும் தட்டு போட்டார். வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தையும் லத்தீன் சமூகங்களையும் சேர்ந்த தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் அவர்களுக்கு மரியாதையான இடம் கிடையாது. விடுதியின் பெயரே பின்னால் அந்த இசைக்கும் ஒட்டிக்கொண்டது. அதே சிகாகோவில் 1979 ஜூலை 12 அன்று, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து ரகளை செய்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. ஒரு இசைப் பாணியின் மேல் அவ்வளவு கோபம் ஏன் வந்தது என்று யோசித்தால், அந்த இசை யாருடையதாக இருந்தது என்பதில் போய் நிற்கும். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. சிகாகோ இளைஞர்கள் கைவிடவில்லை. மலிவு விலைக்கு வந்த டிரம் மெஷின்களை வைத்து, வீட்டிலேயே அதன் எலும்புக்கூட்டை மறுபடி கட்டினார்கள். ஹவுஸ் அப்படித்தான் வந்தது.

இப்போது அந்த டொம் டொம்முக்கு வருவோம். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹவுஸின் வேகம் அதைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு அடிக்கு அரை நொடி. நான்கு அடி சேர்ந்தது ஒரு சுற்று, 2 நொடி. நான்கு அடியிலும் கிக் டிரம் விழும். இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டல் ஓசை. அடிக்கும் அடிக்கும் சரியாக நடுவில் ஹை-ஹாட்டின் 'ட்ஸ்'. இவ்வளவுதான் அடித்தளம். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அவர் பிடித்திருக்கும் அந்த ஒரே சுருதி மேல்தான் வாசிப்பவரின் எல்லாச் சஞ்சாரமும் நிற்கிறது. கிக் டிரம்முக்கும் அதே வேலை. அதைக் கேட்க முயல வேண்டாம், அதன் மேல் என்ன மாறுகிறது என்று கேளுங்கள்.

மாற்றம் ஒரு கணக்கில் வரும். 8 சுற்று, 16 சுற்று, 32 சுற்று. 16 சுற்று என்றால் 32 நொடி. அதுவரை ஒரே மாதிரி ஓடிய இடத்தில், கீழ்ச்சுருதியில் ஓடும் பேஸ் நுழையும். இன்னொரு 16 கழித்து பியானோ. பிறகு பேஸ் மட்டும் விலகும், கிக் தனியாக ஓடும், உடம்பு எதையோ எதிர்பார்க்கத் தொடங்கும். 16 சுற்று முடிந்ததும் பேஸ் திரும்பும்போது ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் நிமிர்வார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, உடம்பு தானாகவே எண்ணியிருக்கிறது. அதனால்தான் மூன்று நிமிடத்தில் பல்லவி சரணம் முடித்துப் பழகிய காதுக்கு இது எங்கேயும் போகாமல் நிற்பதுபோலத் தோன்றும். இது போகிறது, மெதுவாக.

டிஜேயின் கைவேலையையும் கிட்டே நின்று பார்த்துவிடலாம். இரண்டு டர்ன்டேபிள், நடுவில் ஒரு மிக்ஸர். இடப்பக்கத் தட்டு கூட்டத்துக்குக் கேட்கிறது, வேகம் 118. வலப்பக்கத் தட்டு டிஜேயின் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கிறது, வேகம் 122. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் அழுத்திப் பிடித்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு காதுக்கு அறையில் ஓடுவது வேண்டும், மறு காதுக்கு அடுத்து வரப்போவது வேண்டும், அதற்குத்தான். டெக்னிக்ஸ் 1200 மாதிரியான டர்ன்டேபிளில் வலது ஓரத்தில் ஒரு நீளமான சறுக்குக் குமிழ் இருக்கும். அதை நகர்த்தினால் தட்டின் வேகம் 8 சதவீதம் வரை கூடும், குறையும். இரண்டு கிக்கும் ஒன்றின் மேல் ஒன்று விழும்வரை அதை நகர்த்துவார். கொஞ்சம் விலகினாலும் டொம் என்பது டொடொம் என்று இரட்டிக்கும். விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டு ஒரு நூலளவு தாமதப்படுத்துவார். பொருந்தியதும் பழையதன் பேஸைக் குறைத்துப் புதியதன் பேஸைத் திறப்பார். ஆடுகிறவர்களுக்கு ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது தெரியாது.

இந்த வேலைக்கு ஏற்ற மாதிரிதான் தட்டுகளையும் செய்தார்கள். 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாட்டை, வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே நீட்டிச் செய்த வடிவத்தில், 12 அங்குலத் தட்டாகக் கடைக்குக் கொண்டுவந்தது. பெரிய தட்டில் ஒரே ஒரு பாட்டு. வரிப்பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் ஆழமாக விழும். முன்னும் பின்னும் வெறும் தாளம் நீளமாக ஓடும், டிஜே இணைக்க வசதி. அன்று முதல் நடன இசையின் இயல்பான வீடு இந்த 12 அங்குலத் தட்டுதான். அதனால் நடன இசைக்காரருக்கு முதல் ஆல்பம் எப்போதுமே ஒரு சோதனை. ஆடுகளத்தில் ஓடுகிற எட்டுத் தட்டை வரிசையாக அடுக்கினால் வீட்டில் இருக்கிறவர் இரண்டாவதிலேயே எழுந்து போய்விடுவார். வீட்டுக்காக மென்மையாக்கினால் களத்துக்கு ஆகாது. ஆல்பம் என்று ஒன்று நிற்க வேண்டுமானால், தனித்தனித் தட்டுகளால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். பலருடைய முதல் ஆல்பங்கள் இந்த இடத்தில்தான் வலுவிழக்கின்றன. ஜெய்டாவிடம் சொல்ல விஷயம் இருந்தது.

அவர் பிறந்து வளர்ந்த கிராண்ட் ஃபோர்க்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அமெரிக்க எல்லையை ஒட்டிய சிற்றூர். அப்பாவின் தட்டுச் சேகரிப்பில் இருந்த சோல், டிஸ்கோ, ஃபங்க் இசைதான் அவருக்கு முதல் பாடம். பத்து வயதில் அப்பாவை இழந்தார். வான்கூவரில் தட்டு போடத் தொடங்கி, நார்வேக்காரரான டிஜே ஃபெட் பர்கருடன் சேர்ந்து 'ஃப்ரீக்அவுட் கல்ட்' என்ற சிறு லேபிளை நடத்தி, பெர்லின் போய்ச் சேர்ந்தார். அவர் தட்டு போடும் காணொளிகளைப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். டிஜேக்கள் பலர் தலை குனிந்து, முகத்தில் எதுவும் காட்டாமல் நிற்பார்கள். இவர் கன்சோலுக்குப் பின்னால் கைகளை வீசி ஆடுவார், கூடவே வாயசைத்துப் பாடுவார், சிரிப்பார். தான் போடும் தட்டைத் தானும் ரசிக்கும் ஒருவரைப் பார்ப்பதில் கூட்டத்துக்கு ஒரு தைரியம் வரும்.

'ஸ்டான்லிஸ் கெட் டவுன்' என்ற ட்ராக்கில் இந்தக் குணம் அப்படியே இருக்கிறது. அதன் அடைப்புக்குறிப் பெயர், ஆடுகளத்தில் வண்டியை நிறுத்தாதே என்ற பொருளில் வரும். மிட்நைட் ஸ்டார் குழுவின் 1983ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் பெயரை நினைவூட்டுவது. இதில் ஜெய்டாவே பேசுகிறார். களத்தின் நடுவில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துச் செல்லமாக அதட்டுகிறார். பாட்டுக்குள்ளிருந்து நம்மை யாரோ பார்த்துவிட்டதுபோல ஒரு கூச்சம் வரும், உடனே சிரிப்பும் வரும்.

இந்த அதட்டலை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. நடன இசையில் பெண் குரலுக்கு நேர்ந்தது என்ன என்று தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் 'ரைட் ஆன் டைம்' உலகம் முழுக்க ஓடியது. அதில் ஒலித்தது லொலியாட்டா ஹாலவே 1980இல் பாடிய 'லவ் சென்சேஷன்' பாட்டிலிருந்து வெட்டி எடுத்த குரல். அவரைக் கேட்காமல் எடுத்தது. காணொளியில் வாயசைத்தவர் வேறொரு மாடல் அழகி. அதே குழுவின் அடுத்த பாட்டுகளை மார்த்தா வாஷ் பாடினார். 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் பெரிய வெற்றிப் பாட்டிலும் அவர் குரல்தான். இரண்டிலும் திரையில் வந்தது வேறு பெண்கள். மார்த்தா வாஷ் பருத்த உடம்புக்காரர், கம்பெனிகளுக்குக் குரல் மட்டும் போதுமாக இருந்தது. அவர் வழக்குப் போட்டார். தட்டில் பாடியவர் பெயரைச் சரியாகப் போடும் வழக்கம் உறுதியானதற்கு அவருடைய போராட்டம் ஒரு முக்கியமான காரணம். ஆக, இந்த இசையில் பெண் குரல் எங்கும் இருந்தது, அதன் மேல் அதிகாரம் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருந்தது. 'ஸ்டான்லி'யில் கேட்கும் குரலை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது, அதற்கு அடியில் பேஸ் எப்போது வர வேண்டும் என்று தீர்மானித்தவரும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் ஒருவரே. பாடகி அலெக்ஸா டாஷ் பாடும் இரண்டு ட்ராக்குகளில், 'லீவ் ரூம் 2 ப்ரீத்' பாட்டிலும் 'சன்ஷைன் இன் தி வேலி' பாட்டிலும், அவர் பெயர் பாட்டின் தலைப்போடேயே நிற்கிறது.

இனி ஓர்க்கா. திமிங்கிலம் என்று நாம் சொன்னாலும் டால்பின் குடும்பத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது அது. வான்கூவர், விக்டோரியா, சியாட்டில் ஆகிய ஊர்களுக்கு நடுவே கிடக்கும் உள்நீர்ப் பரப்புக்குச் சேலிஷ் கடல் என்று பெயர். அங்கே வருகிற ஓர்க்காக்களில் ஒரு சமூகத்தை 'தெற்கு வாழினம்' என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். ஜே, கே, எல் என்று மூன்று கூட்டங்கள். ஒவ்வொன்றையும் முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னுள்ள சாம்பல்நிறத் திட்டையும் வைத்து ஆள் ஆளாக அடையாளம் தெரியும், எண் உண்டு, பெயர் உண்டு. தாய்வழிக் குடும்பங்கள். மகன்களும் கடைசிவரை தாயோடேயே இருப்பார்கள். 1995இல் 98 இருந்தன. ஜெய்டாவின் ஆல்பம் வந்த காலத்தில் 75ஐ ஒட்டி இருந்தன.

ஏன் குறைந்தன? முதல் அடி 1960களிலும் 70களிலும் விழுந்தது. கடல் காட்சிசாலைகளுக்காக நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார்கள், அதில் பெரும்பாலும் குட்டிகள். 1970இல் பிடிபட்ட டோகிடே என்ற பெண் ஓர்க்கா, அரை நூற்றாண்டுக்கு மேல் மயாமியில் ஒரு தொட்டியில் இருந்து 2023இல் இறந்தது. பிடிப்பது நின்ற பிறகு வந்தவை மூன்று. முதலாவது, இரைக் குறைவு. இந்த ஓர்க்காக்கள் சீல்களைத் தொடுவதில்லை, மீன்தான், அதிலும் முக்கியமாக சினூக் சால்மன். அணைகளாலும் மீன்பிடிப்பாலும் ஆறுகள் கெட்டதாலும் சினூக் குறைந்தது. இரண்டாவது, கப்பல் இரைச்சல். மூன்றாவது, ஜெய்டாவின் துறைக்கு நேராக வருவது, நஞ்சு.

பி.சி.பி. என்று ஒரு வகை வேதிப்பொருள். மின்மாற்றிகளில், மின்தேக்கிகளில் பல பத்தாண்டுகள் பயன்பட்டது. கனடா 1977இலும் அமெரிக்கா 1979இலும் தடை செய்தன. தடை வந்து இவ்வளவு காலமாகியும் கடலில் இருக்கிறது, ஏனென்றால் அது எளிதில் சிதையாது. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிதவை உயிர்களில் துளி, அதைத் தின்னும் சிறு மீனில் கொஞ்சம் கூடுதல், சால்மனில் இன்னும், கடைசியில் பெரும்பாலும் சால்மனையே நம்பி ஐம்பது அறுபது ஆண்டு வாழும் ஓர்க்காவின் கொழுப்பில் மொத்தமும் போய்ச் சேரும். உலகிலேயே அதிகம் நஞ்சேறிய கடல் பாலூட்டிகளில் இவை சேரும் என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆய்வு வந்துவிட்டது. ஆண்களின் உடம்பில் நஞ்சு ஆயுள் முழுக்க ஏறிக்கொண்டே போகும். பெண்களில் ஒரு கட்டத்தில் குறையும். குறைவது எப்படி என்றால், தாய்ப்பால் வழியாக. தாயின் கொழுப்பில் சேர்ந்தது பாலில் கரைந்து குட்டிக்குப் போகிறது, அதிலும் முதல் குட்டிக்குத்தான் அதிகம். படிக்கும்போதே வயிற்றைப் பிசையும் செய்தி இது. இதைத்தான் அட்டவணையாகவும் வரைபடமாகவும் எழுத வேண்டிய இடத்தில் ஜெய்டா இருந்தார்.

2018 ஜூலையில் ஜே35 என்ற எண்ணும் டாலெக்குவா என்ற பெயரும் கொண்ட தாய் ஓர்க்காவின் குட்டி பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்தது. தாய் அதைத் தலையில் தாங்கிக்கொண்டு 17 நாள் நீந்தியது, சுமார் 1,600 கிலோமீட்டர். உலகமே அதைப் பார்த்தது. ஆல்பம் வெளியானது அதற்கு எட்டு மாதம் கழித்து. அதே தாய் 2024 டிசம்பரில் ஈன்ற குட்டியும் இறந்து, மறுபடியும் அதைச் சுமந்தது.

இரைச்சல் விஷயத்துக்குத் திரும்புகிறேன், இசையைப் பேசும்போது அதை ஒரு வரியில் தாண்டக் கூடாது. ஓர்க்காவுக்குக் கலங்கிய பச்சை நீரில் கண் அதிக தூரம் உதவாது. 'கிளிக்' ஒலிகளை அனுப்பி எதிரொலியை வைத்து சால்மன் எங்கே என்று அறியும். தங்களுக்குள் பேச வேறு வகைக் கூவல்கள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கூவல் தொகுதி உண்டு என்பதை ஜான் ஃபோர்டு என்ற கனடிய ஆய்வாளர் பல ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்து நிறுவினார். குட்டி அதைத் தாயிடம் கற்கிறது. வான்கூவர் பெரிய துறைமுகம். கப்பல் கடக்கும்போதெல்லாம் கூவலும் எதிரொலியும் இரைச்சலில் மூழ்கும். இரை தேடும் நேரம் அந்த அளவுக்கு வீணாகும். ஒலியாலேயே வாழ்கிற உயிரை ஒலியாலேயே பட்டினி போடுகிறோம்.

இந்த ஆல்பத்தின் 'ஓர்க்காஸ் ரிப்ரைஸ்' ட்ராக்கில் அந்தக் கூவல்கள் கேட்கின்றன. கடல் ஒலி, பறவை ஒலி சேர்த்து மனதை அமைதிப்படுத்தும் இசை என்று ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. இது அந்த ரகம் இல்லை. முன்னால் ஓடிய ட்ராக்குகளில் உடம்பு ஏற்கெனவே பழகிவிட்டது, காது கீழ்ச்சுருதியைத் தேடித் தேடிக் கேட்கும் நிலையில் இருக்கிறது. அந்தக் காதில் வந்து இந்தக் கூவல் விழும்போது, இதுவும் யாரோ யாரையோ கூப்பிடும் குரல்தான் என்று படும்.

ஆனால் ஆல்பத்தின் உயிர் என்று நான் சொல்வது 'மிஸ்ஸி நோஸ் வாட்ஸ் அப்' ட்ராக்கைத்தான். அதன் தாளத்துக்கு நடுவில் ஒரு பெண் பேசுகிறார். பாடவில்லை, சாதாரணமாகப் பேசுகிறார். அவர் மிஸ்டி மக்டஃபி, ரெயின்கோஸ்ட் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் உயிரியலாளர், இந்த ஓர்க்காக்களையும் சால்மனையும் காக்கப் பல ஆண்டுகளாக உழைப்பவர். அவர் பேச்சை ஜெய்டா சாம்பிளாக, அதாவது பதிவிலிருந்து வெட்டி எடுத்து, தாளத்தில் பொருத்தியிருக்கிறார்.

நடன இசையில் பேச்சா என்று விநோதமாகப் படலாம். சிகாகோவில் இது விநோதமே இல்லை. லாரி ஹர்ட் 1986இல் மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் 'கேன் யூ ஃபீல் இட்' என்ற, குரலே இல்லாத ஒரு ட்ராக்கை வெளியிட்டார். இந்த வகையில் இவ்வளவு அழகான இன்னொன்றை நான் கேட்டதில்லை. பிறகு அதன் மேல் சக் ராபர்ட்ஸ் என்பவரின் பேச்சை ஏற்றிய வடிவம் வந்தது. ஹவுஸ் பிறந்த கதையை, பைபிளின் ஆதியாகமம் பேசுகிற தொனியில், தேவாலய மேடையிலிருந்து முழங்குவதுபோல அவர் சொல்வார். மார்ட்டின் லூதர் கிங்கின் 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் உரையை ஏற்றிய வடிவமும் களங்களில் ஓடியது. அந்தக் களங்களுக்கு வந்தவர்களில் பலர் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்தவர்கள். பிரசங்கியார் ஒரு வரி சொல்ல, சபை பதில் குரல் கொடுக்க, உணர்ச்சி ஏறி ஏறிப் பாட்டாக மாறுவது அவர்களுக்குச் சிறுவயதுப் பழக்கம். சனிக்கிழமை இரவுக் களத்தில் அதே அமைப்பு வேறு உடையில் வந்தது.

ஜெய்டா அந்தப் பிரசங்கியாரின் இடத்தில் ஓர் உயிரியலாளரை நிறுத்துகிறார். இந்த ஆல்பம் செய்கிற மிகப் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். மரபு அப்படியே இருக்கிறது, தாளம், திரும்பத் திரும்ப வரும் சொல், கூட்டமாக நின்று கேட்கும் உடம்புகள் எல்லாம் அதே. அந்த மரபு காலங்காலமாகக் காத்து வைத்திருந்த மரியாதையான இடம், சால்மனையும் ஓர்க்காவையும் பற்றிப் பேசும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிறது. அவர் குரலில் முழக்கம் கிடையாது, கூட்ட அறையில் பேசுகிற நிதானம்தான். கருத்தரங்கில் அந்தப் பேச்சைக் கேட்டால் தலையசைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவோம். இங்கே அதே சொற்கள் தாளத்தோடு திரும்பி வருகின்றன. இரண்டாவது முறை வரும்போது உடம்பு அதை முன்கூட்டியே எதிர்பார்த்து நிற்கிறது. ஒரு செய்தியை உடம்பு எதிர்பார்த்து நிற்கும்படி செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்த ஆல்பத்தைக் கேட்டு யாரும் பி.சி.பி. என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலே நான் சொன்ன நஞ்சுக் கதை, பால் கதை எதுவும் ட்ராக்குகளில் விளக்கமாக இல்லை. அதற்கு ஆய்வேடு இருக்கிறது. அதையெல்லாம் பாட்டுக்குள் திணித்திருந்தால் பாட்டு செத்திருக்கும். 'சன்ஷைன் இன் தி வேலி' போன்ற பாடல்கள் இனிமையாக வந்து போகின்றன, மனதில் பெரிதாகத் தங்குவதில்லை. 'மூவ் டு தி ஃப்ரன்ட்' அப்படி இல்லை, பழைய டிஸ்கோத் தட்டுகளின் மேல் அவருக்கிருக்கும் பிரியம் முழுதும் அதில் கேட்கும்.

ஆல்பத்தோடு நின்றுவிடாமல் அதே 2019இல் 'ஜேஎம்ஜி டாக்ஸ்' என்ற பெயரில் லண்டனில் இளம் விஞ்ஞானிகளைப் பொதுமக்களோடு உட்கார்ந்து பேசவைத்தார். 2020இல் வந்த 'போத் ஆஃப் அஸ்' கிராமி பரிந்துரை வரை போனது. அப்பா தன் வாழ்க்கையைப் பேசிப் பதிவு செய்துவைத்த நாடாக்களிலிருந்து 2023இல் 'கை' என்ற ஆல்பத்தைச் செய்தார். அதிலும் பேச்சுக் குரல் தாளத்துக்குள் வருகிறது, இந்த முறை அப்பாவின் குரல். கடற்புல்லும் அலையாத்திக் காடுகளும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பதைப் பற்றிய 'ப்ளூ கார்பன்' ஆவணப்படத்தில் நம்மை ஊர் ஊராக அழைத்துப் போகிறவரும் அவர்தான்.

கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிக்கும் பேஸும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பவை, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அவை கிட்டத்தட்ட வரவே வராது. மிஞ்சுவது 'ட்ஸ் ட்ஸ்' மட்டும், அதை வைத்து இந்த இசையை எடை போட்டால் அநியாயம். சுமாரான ஹெட்ஃபோன் போதும். முதலில் 'ஸ்டான்லிஸ் கெட் டவுன்', எழுந்து நின்று கேளுங்கள். பிறகு 'ஓர்க்காஸ் ரிப்ரைஸ்', 'மிஸ்ஸி நோஸ் வாட்ஸ் அப்' இரண்டையும் இடைவெளி விடாமல். அதற்கப்புறம் லாரி ஹர்ட்டின் 'கேன் யூ ஃபீல் இட்', சக் ராபர்ட்ஸ் பேசுகிற வடிவம். அது முடிந்த கையோடு 'மிஸ்ஸி'யை இன்னொரு முறை போடுங்கள். மக்டஃபியின் குரல் எந்த இடத்தில் நுழைகிறது என்று இந்த முறை உங்களுக்கே தெரியும்.